செண்பகத்தின் இடம் காத்த நாச்சாரம்மாள்

பூவிளங்குடி வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் பாத்திரம் தேய்த்தவர் நாச்சாரம்மாள். விடியும் முன்னே வந்து வெண்கலப் பானைகளைப் புளி போட்டுத் துலக்குவார். ஒவ்வொன்றையும் கவிழ்க்கும்போது "வரதா" என்பார். சன்னதியில் போய் நிற்க நேரம் வாய்த்ததில்லை. பெருமாளுக்கு அமுது வெந்த பானையே அவருக்குத் தரிசனம்.

அந்தத் தொண்டோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். அதற்குத்தான் ஊர் அவரை ஏசியது. மனநோய் கண்டதால் எந்த வேலையிலும் நிலைக்க விடப்படாத பிள்ளைகளைத் தேடிக் கூட்டிவந்து மடைப்பள்ளியில் சேர்த்துவிடுவார். பைத்தியங்களுக்குச் சத்திரம் கட்டுகிறாள் என்று பிரசாதத்தை மென்றுகொண்டே சிரித்தார்கள். அந்தப் பிரசாதம் வெந்த பானையைத் தேய்த்த கை யாருடையது என்று ஒருவராவது யோசித்தார்களா?

செண்பகவல்லிக்கு வயது இருபத்திரண்டு. அருகில் யாரும் இல்லாதபோதும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் அவள் காதில் கேட்கும். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது ஒருநாள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டாள். அன்றே வெளியே அனுப்பிவிட்டார்கள். நாச்சாரம்மாள் அவளை அழைத்துவந்தார். மாத்திரையின் அசதியில் அவளால் விடியலில் எழ முடியாது. அதனால் விடியற்காலைப் பானைகளைத் தாம் எடுத்துக்கொண்டு, எட்டு மணிப் பாத்திரங்களை அவளுக்கு ஒதுக்கினார். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை.

ஆனியில் நோய் முற்றி, செண்பகம் மருத்துவமனையில் சேர்ந்தாள். மூன்றாம் நாளே கோயில் நிர்வாகம் பார்த்த மணியக்காரர் அனந்தராமன் அந்த வேலைக்குத் தம் மைத்துனர் மகளைக் கொண்டுவரப் பார்த்தார். வாய் கூசாமல் கேட்டார்! செண்பகத்தின் பங்கையும் தாமே தேய்ப்பதாகவும், திரும்பும்வரை அந்த இடம் அவளுடையதே என்றும் நாச்சாரம்மாள் ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு ஆள் வேலையில் விரல்கள் வெடித்தன. புளி பட்டு எரிந்தன. "வரதா" மட்டும் நிற்கவில்லை.

பெருமாளுக்கு அது தைலக்காப்புக் காலம். ஆனி அபிஷேகம் முடிந்து திருமேனிக்குத் தைலம் சாத்தினால், நாற்பத்தெட்டு நாள் முகம் தவிர மற்றதெல்லாம் திரைக்குள்தான். வீதி உலாவும் கிடையாது. திரை விலகும் நாளில் செண்பகம் குணமாகி வந்தாள். மணியக்காரர் அவளைச் சன்னதி வாசலிலேயே நிறுத்தினார். கோயில் ஆஸ்பத்திரி இல்லை, நாளை முதல் வேறு ஆள் வருகிறாள் என்றார்.

ஒருநாளும் குரல் உயர்த்தாத நாச்சாரம்மாள் அன்று உயர்த்தினார்.

"நாப்பத்தெட்டு நாளா பெருமாள் திரைக்குள்ளதான இருந்தாரு. வீதிக்கு வந்தாரா, வாகனம் ஏறினாரா? அவரு எடத்துக்கு வேற பெருமாளைக் கொண்டாந்து வெச்சீங்களா ஐயா? அவருக்கு ஒரு நியாயம், இந்தப் புள்ளைக்கு ஒரு நியாயமா?"

மணியக்காரர் முதல் மரியாதைக்காக முன்வரிசையில் போய் நின்றார். அந்த மனிதருக்கு இத்தனை கேட்டும் உறைக்கவில்லை.

திரை விலகியது. சன்னதிக்குள்ளிருந்து பட்டர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்தால், பெருமாளே அழைத்ததாகக் கொள்வது மரபு. அதற்கு அருளிப்பாடு என்று பெயர். வழக்கம்போல் மணியக்காரரை அழைக்கவே பட்டர் வாயெடுத்தார். வந்ததோ வேறு.

"அருளிப்பாடு, மடைப்பள்ளிச் செண்பகவல்லி."

பட்டரே திடுக்கிட்டார். செண்பகம் அசையவில்லை. பயந்த முகத்தோடு நாச்சாரம்மாளிடம் திரும்பினாள்.

"அத்தை, இது உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தாயி. எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. போ."

அவள் போனாள். மறுநாள் எட்டு மணிக்கு அவள் பாத்திரங்கள் அவளுக்காகவே காத்திருந்தன. தம் பெயரைப் பெருமாள் சொல்லவில்லையே என்று நாச்சாரம்மாள் நினைக்கவே இல்லை. தாம் இடம் காத்தவளின் பெயரைச் சொன்னாரே, அது போதும் அவருக்கு. வெடித்த அந்த விரல்களுக்கு நம் வணக்கம்.