முள்ளம்பன்றி பின்னிய உறி

ஒரு காட்டில், மூங்கில் புதருக்குப் பக்கத்தில், ஒரு முள்ளம்பன்றி கோபம் கோபமாக உறி பின்னிக்கொண்டிருந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும், குழந்தைகளே? அதன் குட்டிக்கு நெஞ்சு நிறையச் சளி. கற்பூரவல்லி இலையைக் கசக்கிச் சாறு கொடுத்தால்தான் இருமல் அடங்கும். வளை வாசலில் அது ஆசையாக வளர்த்த கற்பூரவல்லியைக் காட்டெருமை தினமும் வந்து மேய்ந்தது. மேய்ந்தது போதாதென்று மிதித்துத் துவைத்துவிட்டும் போனது. வெட்கங்கெட்ட எருமை!

மிஞ்சியது ஒரே ஒரு கிளை. அதை மண் நிரப்பிய சுரைக்குடுக்கையில் நட்டாயிற்று. உறியில் வைத்து, எருமையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

தோழி அணில் கற்றாழை நார் கொண்டுவந்தது. முள்ளம்பன்றி அதைக் குச்சியில் மடித்து மாட்டி, இரண்டிரண்டு இழையாக முடிச்சுப் போட்டது. பிறகு பக்கத்துப் பக்கத்து முடிச்சிலிருந்து ஓர் இழை, ஓர் இழை எடுத்துச் சேர்த்து, கீழே அடுத்த முடிச்சு. இப்படிப் போட்டால்தான் வலைபோல விரிந்து குடுக்கையைத் தாங்கும். மீதி இழைகள் சிக்காமல் இருக்க அவற்றை முதுகின்மேல் போட்டுக்கொள்வது அதன் வழக்கம்.

பாதி பின்னியபோது எருமையின் நினைப்பு வந்தது.

"தடிமாடு! அதன் வயிறு வெடிக்க!"

சொன்னதுதான் தாமதம், முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து எழுந்தது. மேலே கிடந்த இழைகள் படபடவென்று அறுந்தன.

"பாழாய்ப்போன நார்!" என்று முள்ளம்பன்றி கத்தியது. "நல்ல நாராகப் பார்த்துக் கொண்டுவர உனக்குத் துப்பில்லையா?"

அணில் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு நார் கொண்டுவந்தது. அதுவும் அறுந்தது. இன்னொரு கட்டும் அறுந்தது. நட்ட கிளை வெயிலில் வாடத் தொடங்கியது. உள்ளே குட்டி இருமியது.

"சும்மா இருக்க மாட்டாயா? சனியனே!"

குட்டி வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. அதைப் பார்த்ததும் அணிலுக்குப் பொறுக்கவில்லை.

"யார்மேல் உனக்குக் கோபம்?" என்று கேட்டது.

"எருமைமேல்தான்!"

"அதனிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?"

"அவ்வளவு பெரியவரிடம் எப்படிச் சொல்வது?"

"நன்றாக இருக்கிறது! அந்தப் பெரியவர் வந்தால் 'வாங்க அண்ணா' என்று முள்ளை மடக்கிக்கொண்டு வளைக்குள் ஓடுகிறாய். நாரையும் பிள்ளையையும் கண்டால் முள்ளை விரிக்கிறாய்."

முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் பார்த்துக் காட்டெருமை வந்தது. நேராகக் குடுக்கையிடம் போய் வாயைத் திறந்தது.

"நில்!" என்று குறுக்கே வந்தது முள்ளம்பன்றி.

"என்ன, இன்றைக்கு 'அண்ணா' இல்லையா?"

"இல்லை. இது என் பிள்ளைக்கு மருந்து. இத்தனை நாளாக நீ தின்றதும் மருந்துதான். இனி ஓர் இலை தொடக் கூடாது."

"இந்தக் காட்டில் முளைப்பதெல்லாம் எனக்குத்தான். விலகு!"

முள்ளம்பன்றி விலகவில்லை. முதுகைத் திருப்பி, முள் அத்தனையையும் விரித்து நின்றது. எருமை அலட்சியமாக மூக்கை நீட்டியது.

"ஐயோ!"

மூக்கில் நாலைந்து முள் தைத்துவிட்டன. எருமையின் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவ்வளவு கோபம் இருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே!" என்று முனகியது.

"சொல்லாதது என் தப்பு. தின்றது உன் தப்பு. போ!"

எருமை தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. அதன் பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

முள்ளம்பன்றி முள்ளை மடக்கிக்கொண்டு முதலில் வளைக்குள் போனது. மூலையில் ஒடுங்கிக் கிடந்த குட்டியை அணைத்துக்கொண்டது. பிறகு வெளியே வந்து கையை நீட்டியது.

"நாரை எடு."

"எருமைதான் போய்விட்டதே, இனி உறி எதற்கு?" என்றது அணில்.

"நாளைக்கு வேறொரு மாடு வராதா? பேசாமல் எடு."

இந்த முறை ஓர் இழைகூட அறுபடவில்லை. அணில் உறியை உயரமான மரக்கிளையில் மாட்டியது. குடுக்கை சாயாமல் நின்றது. கற்பூரவல்லி மறுபடி தழைத்தது. சாறு குடித்த குட்டி, இருமாமல் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது.

நீதி: கோபத்தைக் கெடுதல் செய்தவரிடம் காட்ட வேண்டும்; கைவேலையிடமும் வீட்டுப் பிள்ளையிடமும் காட்டக் கூடாது.