பாதி பேசிய பெட்ரோல் பம்ப்

கொடிவேலங்குறிச்சி சமஸ்தானத்து மகாராஜா கஜேந்திர பூபதிக்கு அரண்மனை வாசலில் நின்ற பெட்ரோல் பம்ப் என்றால் உயிர். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. விலையைச் சக்கரத்தில் வைத்துவிட்டால், பெட்ரோல் இறங்க இறங்க மொத்தத் தொகையை அதுவே காட்டும். ஒரே குறை, கேலனுக்கு ஒன்பது அணாவுக்கு மேல் விலை வைக்க அதில் எண் கிடையாது.

பெட்ரோல் சப்ளை திவான் பஞ்சாபகேசரின் காண்டிராக்ட். மனுஷர் விலையை ஏற்றிக்கொண்டே போய்ப் பன்னிரண்டு அணாவில் நிறுத்தினார். பம்பைப் பார்த்துக்கொண்டவன் அரண்மனை விகடகவி விருத்தகிரி. அவன் சக்கரத்தில் ஆறணா வைத்து, காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு தரவும் என்று பலகை மாட்டிவிட்டான். ஊர் முணுமுணுத்துக்கொண்டே தந்தது.

திவான் மட்டும் தரவில்லை. காரை வழிய வழிய நிரப்பிக்கொண்டு, சக்கரம் காட்டியதை மட்டும் வைத்தார். மீதியைக் கேட்டதும் நேரே தர்பாருக்குப் போய், மகாராஜாவின் இயந்திரம் பொய் சொல்கிறது என்கிறான் இந்த விருத்தகிரி என்று பற்ற வைத்தார்.

மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விருத்தகிரியைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"இனி திவானுக்கும் பம்புக்கும் நடுவே சக்கரம் காட்டுவதுதான் கணக்கு. ஒரு காசு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நஷ்டம் வந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பேன்."

மறுநாளே திவானின் கார், மச்சினன் கார், சம்பந்தி கார் எல்லாம் அவர் பெயரில் வரிசையாக வந்து நின்றன. இப்படியே போனால் மாசக் கடைசியில் விருத்தகிரி வீட்டில் உலை வைக்க முடியாது. ஆனாலும் நிரப்பி அனுப்பினான்.

அந்த வாரம் திவானின் பெட்ரோல் பீப்பாய்கள் வந்தன. விருத்தகிரி அவற்றைப் பம்பின் தொட்டியில் நேராகக் கவிழ்க்க விடவில்லை. பம்ப் வழியாகவே இறக்கச் சொன்னான். சக்கரம் காட்டிய தொகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு திவான் வீட்டுக்கு அனுப்பினான்.

திவான் தலைப்பாகைகூட இல்லாமல் தர்பாருக்கு ஓடி வந்தார்.

"பகல் கொள்ளை மகாராஜா! அந்தச் சக்கரம் பாதிதானே காட்டும்? இரண்டால் பெருக்க வேண்டாமா?"

தாம் சொன்னது திவானுக்கே அப்போதுதான் உறைத்தது.

விருத்தகிரி பணிவாக எழுந்தான்.

"தாராளமாகப் பெருக்கிவிடலாம் மகாராஜா. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? இன்று வந்த பீப்பாயிலிருந்தா, அன்று நிரப்பிய காரிலிருந்தா?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது.

"சம்பந்தி காரிலிருந்து ஆரம்பி" என்றார்.