உப்புக்காரியும் அழுமூஞ்சி மேகமும்

கடக்கரையோரம் ஒரு ஊர்ல வடிவுன்னு ஒருத்தி இருந்தா. ஆளு முழ உயரம், வாயி பனை உயரம். கேக்கியா? ம் கொட்டுட்டி, நான் என்ன சுவத்துக்கா சொல்லுதேன்?

அந்த வடிவு கடத்தண்ணியப் பாத்தியில கட்டி, வெயில்ல காயவிட்டு, உப்பா வாரிக் குவிப்பா. அந்த உப்பக் குடுத்தாதான் வண்டிக்காரங்க நெல்லு குடுப்பாங்க. வருஷம் முழுக்க அதுதான் கஞ்சி. அந்த வருஷம் மூணு குவியல் வச்சிருந்தா. வண்டி வர இன்னும் பத்து நாள் கெடந்துச்சு.

அப்போ கார்மேகம்னு ஒரு மேகம் அந்தப் பக்கமா வந்தான். மலைக்குப் போயி பெய்யவேண்டிய பய, இவளப் பாத்ததும் அங்கயே நின்னுட்டான்.

"வடிவு, ஒன்னய எனக்குப் புடிச்சிருக்கு"ன்னான். சொன்னவன் சும்மா இருந்தானா? சந்தோசத்துல கண்ணு கலங்கிட்டு. பொட்டு பொட்டு பொட்டு, சோ! ஒரு குவியல் கரைஞ்சு ஓடிட்டு.

"எடுபட்ட பயலே! என் கஞ்சியில மண்ணப் போட்டுட்டியே!"ன்னு கத்துனா வடிவு. பெறவு என்ன, மிச்ச ரெண்டுக்கும் ஓலை போட்டு மூடுனா.

அப்புறம் மறுநாளு மன்னிப்புக் கேக்க வந்தான். "தெரியாமச் செஞ்சிட்டேன் வடிவு"ன்னு தேம்பித் தேம்பி அழுதான். சோ சோன்னு ஓலையோட ரெண்டாவது குவியலும் போச்சு. இந்த அழுமூஞ்சிப் பயலுவளக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அழுதா எல்லாம் சரியாப் போயிருமா?

ம்... தூங்காத, இன்னும் இருக்கு.

மூணாம் நாளும் வந்துட்டான். உதடு துடிக்கு. வடிவு பாத்தா. இருக்கது ஒத்தக் குவியல். உப்பு வாருத பலகையத் தூக்கி வீசுனா. "சீ, ஒங்கம்மா ஒன்னயப் பெத்தாளா, மூக்கச் சிந்திப் போட்டாளா?"

"எங்கம்மாவ ஏன் இழுக்க?"ன்னான் கார்மேகம். மூஞ்சி கறுத்துட்டு. கடகட, கடகட, டமார்! ஆனா ஒத்தச் சொட்டு விழல.

அடேயப்பா, கோவம் வந்தா இவனுக்கு அழுக வராதுன்னு வடிவுக்கு அப்பத்தான் புரிஞ்சுது.

அன்னையிலருந்து தெனமும் காலையில ஆரம்பிச்சிருவா. அவன் நிறத்தத் திட்டுவா, வயித்தத் திட்டுவா, அவன் சித்தப்பன் பெரியப்பனக்கூட விடல. அவனும் டமார் டமார்னு தலைக்கு மேலயே நின்னு சண்டைக்கு நின்னான். நிழலே கெடையாத அந்த உப்பளத்துல, உச்சி வெயில்ல அவ தலையில நிழலு விழுந்துச்சு. பொறந்ததுலருந்து அவ அப்படி ஒரு குளுமையக் கண்டதில்ல. நெஞ்சு என்னமோ பண்ணுச்சு. ஆனா வாயத் தொறந்து சொல்ல முடியுமா? பல்லக் கடிச்சிக்கிட்டு, "ஏன்லே வெளிச்சத்த மறைக்க?"ன்னு கத்துனா.

பத்தாம் நாளு வண்டி வந்துச்சு. உப்பு ஏறுச்சு, நெல்லு வீட்டுக்குள்ள எறங்குச்சு.

வடிவு திரும்ப அளத்துக்கு ஓடுனா. "ஏலே கார்மேகம், நீ நல்லவன்லே. எனக்கும் ஒன்னயப் புடிக்கும்"ன்னா.

அவ்வளவுதான். சோஓஓன்னு கொட்டித் தீத்துட்டான்.

"இத மொதல்லயே சொன்னா என்னட்டி?"ன்னு அழுதுக்கிட்டே கேட்டான்.

"சொல்லிருந்தா கஞ்சிக்கு ஒங்கப்பனா படியளப்பான்?"ன்னு கேட்டா வடிவு, தொப்பலா நனைஞ்சுக்கிட்டே. ஆனா வீட்டுக்குப் போகல.

உப்பு ஊரு போச்சு, நெல்லு வீடு சேந்துச்சு, இனி என் வாயி மூடுது. நீ கண்ண மூடு.