குளத்தைப் பார்த்து யோகா பழகிய கரடி

குளக்கரை வேங்கை மரத்தின் உச்சியில் ஒரு பெரிய தேன்கூடு தொங்கியது. அதை அண்ணாந்து பார்த்துச் சப்புக்கொட்டிக்கொண்டு கீழே நின்றது தொப்பன் என்ற கரடி. மரம் ஏற முடியாத கரடிக்கு வேறென்ன வழி?

போன கோடையில் தொப்பன் ஒரு மரத்திலிருந்து விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பு இறுகிப்போனது. பின்னங்காலைத் தூக்கினாலே "ஐயோ!" என்று கத்தும். அன்றிலிருந்து கரையான் புற்றைத் தோண்டித்தான் வயிற்றைக் கழுவியது. புற்றுகளும் குறைந்துகொண்டே வந்தன. மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. மழை பிடித்தால் மரம் வழுக்கும். அதற்குள் ஏறாவிட்டால் பட்டினிதான்.

ஒருநாள் காலை தொப்பன் காட்டோரத்து விடுதிப் பக்கம் போனது. அங்கே புல்வெளியில் மனிதர்கள் பாய் விரித்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, ஒற்றைக்காலில் நின்றார்கள்.

"இது என்ன கூத்து? யாராவது தண்டனை கொடுத்துட்டாங்களா?" தொப்பன் புதருக்குள் பதுங்கி உற்றுப் பார்த்தது.

அப்போது ஒரு குண்டு மனிதர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "யோகா ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இடுப்பு வலியே போயிடுச்சு சார்!"

தொப்பனின் காது விடைத்தது. இடுப்பு வலியா? இன்னும் உன்னிப்பாகப் பார்த்தது. ஒரு அம்மாள் மட்டும் எந்த ஆசனமும் செய்யவில்லை. ஒருவரின் முதுகைத் தொட்டார், இன்னொருவரின் தோளை இறக்கிவிட்டார், மறுபடி நடந்தார்.

'எல்லாரும் கஷ்டப்படுறாங்க. இந்தம்மா மட்டும் சும்மா சுத்துது. சரியான சோம்பேறி!' என்று நினைத்துக்கொண்டு தொப்பன் திரும்பிவிட்டது.

அன்றே குளக்கரையில் பழக்கம் தொடங்கியது. ஒரு காலை ஊன்றி, மறுகாலை மடக்கித் தொடையில் வைத்து, முன்னங்கைகளைத் தூக்கியது. சரியாக நிற்கிறோமா என்று தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டது.

"ஆஹா, கரடியண்ணே! பிரமாதம்!" என்றது குளத்துத் தவளை. அதற்கு யார் எது செய்தாலும் பிரமாதம்தான்.

தொப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் வந்து நின்றது. இடுப்பும் கொஞ்சம் இளகியது. "யாரும் சொல்லித் தராமலே கத்துக்கிட்டேன் பார்!" என்று தவளையிடம் பீற்றிக்கொண்டது. கழுத்தில் புதிதாக ஒரு வலி வந்திருந்தது. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் வேங்கை மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறத் தொடங்கியது. பின்னங்கால் உயர்ந்தது! பாதி மரம் ஏறிவிட்டது! அடுத்த கிளை எங்கே என்று பார்க்கத் தலையைத் தூக்கியது. கழுத்து நிமிரவில்லை. முதுகு கூனியதால் வயிறு மரத்தைவிட்டு விலகியது. நகம் வழுக்கியது.

தொபுக்கடீர்!

நல்லவேளை, விழுந்தது குளத்தில்.

"குதிச்சது பிரமாதம் அண்ணே!" என்றது தவளை.

மேலே கிளையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது மரகதம் என்ற இளம் பச்சோந்தி. அதன் ஒரு கண் தொப்பனைப் பார்த்தது. இன்னொரு கண் ஒரு ஈயைப் பார்த்தது.

"நான் பழகினதை நீ பார்த்துக்கிட்டா இருந்தே?" என்று தொப்பன் உறுமியது.

"தினமும் பார்த்தேன் அண்ணே. பின்னாலிருந்து பார்த்தேன். முதுகு வளைஞ்சு போயிருந்துச்சு."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீங்க எங்கே கேட்டீங்க? தண்ணியைக் கேட்டீங்க. தவளையைக் கேட்டீங்க!"

தொப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் பசியும், என்ன தப்பு என்று தெரிந்துகொள்ளும் ஆவலும் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தன. "சரி தங்கச்சி, இப்போ கேக்கிறேன். என்ன தப்பு?"

"தண்ணியில உங்களைப் பார்க்கணும்னா என்ன பண்ணணும்?"

"குனியணும்."

"அப்போ தினமும் எதைப் பழகினீங்க?"

தொப்பன் குனிந்து தண்ணீரைப் பார்த்தது. "குனியத்தான் பழகியிருக்கேன்!" என்று முனகியது.

பிறகு அதற்கு ஒரு சந்தேகம் வந்தது. "அந்த மனுஷங்க நேராத்தான் பார்த்தாங்க. குளமும் இல்லை. சரியா நிக்கிறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்கே யாராவது சுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாங்களா?"

"அடடா! அந்த அம்மா!" தொப்பன் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் மரகதம் கரடியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

"கூசுது!"

"பொறுத்துக்கங்க. குளத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க."

"பார்க்காம எப்படி நிக்கிறது?"

"வெளியே பார்க்கிறது என் வேலை. உள்ளே என்ன நடக்குதுன்னு கவனிக்கிறது உங்க வேலை. எடை குதிகால்ல இருக்கா, விரல்ல இருக்கா?"

தன் பாதத்திடம் இப்படி ஒரு கேள்வியைத் தொப்பன் கேட்டதே இல்லை. கவனித்தது. எடை விரலில் இருந்தது! குதிகாலுக்கு மாற்றியது. முதுகு தானாக நிமிர்ந்தது. இன்னும் உயரத் தூக்கலாம் என்று காலை இழுத்தபோது, மரகதம் வாலால் ஒரு தட்டு தட்டியது. "வலிக்குதில்ல? இன்னைக்கு இது போதும்."

சில நாட்கள் போயின. "நாளைக்கு நான் வரமாட்டேன்" என்றது மரகதம்.

"ஏன், கோபமா?"

"நானே உட்கார்ந்து சொல்லிக்கிட்டிருந்தா நீங்க எப்போ பழகுறது? தனியாப் பண்ணுங்க. நடுநடுவே வந்து காட்டுங்க."

தொப்பன் தனியாகப் பழகியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் போய்க் காட்டினால், தோள் ஒன்று இறங்கியிருக்கும். மரகதம் சிரிக்கும். தொப்பனும் சிரிக்கும். கழுத்து வலி குறைந்தது. இடுப்பும் நன்றாக இளகியது.

ஒரு மாலை வானம் கறுத்தது. முதல் தூறல் விழுந்தது. இனி காத்திருக்க முடியாது! தொப்பன் வேங்கை மரத்தில் ஏறியது. முன்பு விழுந்த இடம் வந்ததும் பயம் வந்தது. முதுகு மெல்லக் கூனத் தொடங்கியது.

'எடை எங்கே இருக்கு?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. பாதத்தை அழுத்தியது. வயிற்றை மரத்தோடு ஒட்டியது. தலையைத் தூக்கியது. தலை நிமிர்ந்தது! அடுத்த கிளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தேன்கூட்டைப் பிய்த்து வாயில் வைத்ததும் தொப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை நாள் பசி! கீழே சொட்டிய தேனை ஈக்கள் மொய்த்தன. மரகதத்தின் நாக்குக்கு ஓய்வே இல்லை.

வயிறு நிறைந்ததும் தொப்பன் கேட்டது. "என் முதுகை நீ பார்த்தே. உன் கண்ணுதான் எல்லாப் பக்கமும் சுழலுதே! உனக்கு யாரும் வேண்டாம்தானே?"

"இந்தக் கண்ணுக்கும் என் முதுகு முழுசாத் தெரியாது அண்ணே!" என்றது மரகதம். "நானும் இலையோட இலையா அசையாம நிக்கத் தனியாத்தான் பழகுறேன். ஆனா அப்பப்போ மூங்கில் புதர்ல இருக்கிற ஓணான்கிட்ட போய் நின்னு காட்டுவேன். போன தடவைகூட வால் கோணலா இருக்குன்னு திட்டு வாங்கினேன்!"

தனியாக எவ்வளவு பழகினாலும் தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாது. அதைப் பார்த்து உண்மையைச் சொல்லும் ஒருவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்பவரின் உழைப்பே பலன் தரும்.