எந்த வெயிலுமுத்து

தை அமாவாசைக்கு முதல் நாள். ஆற்றங்கரை மடத்தில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். சீடர் வெயிலுமுத்து மட்டும் எழுந்து வந்து குருவின் அருகே உட்கார்ந்தார். அறுபது வயதுக்காரர்.

"ஒரு கனவு, ஐயா. ஆற்றில் இடுப்பளவு நீரில் வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். கையேந்தி நிற்கிறார்கள். 'வெயிலுமுத்து' என்று கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை."

"உன் முன்னோர்களா?"

"ஆமாம். எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான். உலகநாதன் மகன் வெயிலுமுத்து, வெயிலுமுத்து மகன் உலகநாதன். எத்தனை தலைமுறை மேலே போனாலும் இதே."

"எமனே ஆள் மாற்றிக் கூட்டிப்போயிருப்பான்" என்று குரு சிரித்தார்.

சீடர் சிரிக்கவில்லை.

"அதில் ஒரு வெயிலுமுத்து பாவி. ஏதோ கோபத்தில், கொட்டும் மழையில், பெற்ற தாயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அவள் சத்திரத்தில் கிடந்து செத்தாள். நாளைக்கு மற்றவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவேன். அவனுக்கு ஒரு சொட்டு விடமாட்டேன். ஆனால் அவன் எந்த வெயிலுமுத்து? கதை சொன்ன அத்தையிடமே கேட்டேன். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்."

ஆற்றின் மேல் வெயில் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தது.

"உன்னை உன் அம்மா எப்படிக் கூப்பிடுவாள்?" என்றார் குரு.

"சின்னமணி என்பாள். என் பெயர் அவளுக்கு மாமனார் பெயர். வாயால் சொல்லக்கூடாதே."

"அவனுடைய அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாளே."

சீடர் யோசித்தார்.

"ஆமாம். உயிர் போகிறவரைக்கும் 'தும்பி கதவைத் திறந்துட்டானா, தும்பி கதவைத் திறந்துட்டானா' என்று கேட்டுக்கொண்டே கிடந்தாளாம்."

"சரி. உங்கள் வீட்டில் தும்பி யார்?"

சீடர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சிறுவனாக இருந்தபோது தாத்தாவின் அக்கா ஒருமுறை வந்தாள். பல் போன கிழவி. வாசலில் நின்று 'ஏலே தும்பி' என்றாள். தாத்தா சின்னப்பிள்ளை மாதிரி எழுந்து ஓடினார்."

"உன்னைத் தோளில் போட்டு வளர்த்தாரே, அந்தத் தாத்தாவா?"

"அவரேதான்."

"எப்படிப்பட்ட மனுசர்?"

"நல்லவர், ஐயா. ஒரே ஒரு கிறுக்கு. வாசல் கதவைச் சாத்தவே விடமாட்டார். மழை உள்ளே அடிக்கும். தெருநாய் வந்து படுக்கும். திருடன் வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். அப்போதும் சாத்தவிடவில்லை. ஊரே கேலி செய்தது. நானும் செய்தேன்."

குரு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்போது சொல்லுங்கள், ஐயா. அவருக்குத் தண்ணீர் விடவா, வேண்டாமா?"

"அந்தத் தாய்க்கு விடுவாயா?"

"முதல் கைத் தண்ணீர் அவளுக்குத்தான்."

"அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள், தும்பி கதவைத் திறந்துவிட்டானா என்று. நாளைக்குத் தண்ணீர் விடும்போது அவளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?"