பிலோமினாவின் கைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதையின் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். எல்லார் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று மழுப்புகிறவர்கள் இப்போதே எழுந்து போய், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கலாம்.

ஒற்றைப்பனைத் தீவு ஒரு தனி நாடு. சின்ன நாடு. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைப்பார்கள். படித்து முடித்ததும் மாலை போட்டுக் கப்பலேற்றி அனுப்புவார்கள். பிறகு காய்ச்சலுக்கு ஊசி போட ஆளில்லை என்று மூக்கைச் சிந்துவார்கள். டாக்டர் போனார், பல் டாக்டர் போனார். கணக்கு வாத்தியார் என்று ஒருவர் இருந்ததே பள்ளிக்கூடத்துக்கு மறந்துபோனது.

பூங்கோதை என்ற இளம்பெண்ணுக்கு இது பொறுக்கவில்லை. தன் வயதுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு துறைமுகத்தில் உட்கார்ந்தாள். யாரையும் போகாதே என்று அவர்கள் சொல்லவில்லை. உன் வேலையை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போ என்றார்கள், அவ்வளவுதான். கற்றவர் கப்பலடியில் கைகளை நீட்ட வேண்டும். போகிறவர் அவற்றின் மேல் தன் கைகளை வைத்து, "ஒப்படைத்தேன்" என்று கடல் கேட்கச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஏணி. நல்ல ஏற்பாடு, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஜெனரேட்டர் மெக்கானிக் அப்படித்தான் போனான். ஊரில் விளக்கு அணையவில்லை.

அடுத்துப் புறப்பட்டவள் பிலோமினா. தீவின் ஒரே பிரசவ நர்ஸ். அவளிடம் கற்றுக்கொள்வதாகப் பேர் கொடுத்தவள் சாட்சாத் பூங்கோதைதான். ஆனால் துறைமுகத்தில் கோஷம் போடவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. பிரசவ அறைப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

கப்பல் வந்தது. தீவே கூடி நின்றது. பிலோமினா சின்ன மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்று காதோடு கேட்டாள்.

"பிறகு படிச்சுக்கறேன் அக்கா. எல்லாரும் பார்க்கறாங்க, கையை வைங்க."

மகனை இறக்கிவிட்டு, வைத்தாள். "ஒப்படைத்தேன்" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். கடல் மட்டும் அலையில்லாமல் அப்படியே கிடந்தது.

நடுக்கடலில் பிலோமினாவின் கைகள் மரத்துப்போயின. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் வெந்நீரும் பனிக்கட்டியும் ஒன்றாகவே பட்டன. போன இடத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கியிருக்கிறோமா இல்லையா என்று அவள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. கை சரியானதும் வா, இடம் வைத்திருக்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இங்கே தீவில், முதல் பிரசவத்துக்குப் பூங்கோதையை இழுத்துக்கொண்டு போனார்கள். கட்டிலருகே போய் நின்றாள். அப்போது அவளுடைய புறங்கைகளின் மேல் வேறு இரண்டு கைகள் வந்து படிந்தன. ஈரமாக, மீன்பெட்டி ஐஸ் போல. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவை அவள் விரல்களைப் பிடித்து நகர்த்தின, குழந்தையை எடுத்தன, கொடியை அறுத்தன, அறுத்ததும் போய்விட்டன. அடுத்த பிரசவத்திலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் பூங்கோதை பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வெளியே வந்தால் மாலை, மேடை. பார்த்தீர்களா நம் திட்டத்தை என்று பேசவும் செய்தாள். துணிச்சல்தான்.

பிலோமினா வந்து இறங்கிய மத்தியானம் வெயில் கொளுத்தியது. பூங்கோதை தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, கொடி அறுத்ததும் அந்தக் குளிர் போய்விடுகிறது, ஆனால் பிரசவம் சுகம் என்று துறைமுகத்தில் யாரோ சொன்னார்கள். பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது. நேரே பிரசவ அறைக்கு நடந்தாள்.

அறைக்குள் குளிரில் மூச்சு விட்டால் புகை வந்தது. செண்பகம் என்பவள் வலியில் கிடந்தாள். குழந்தை கால்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பூங்கோதையின் கைகள் வேலை செய்தன. பிலோமினா அந்த விரல்கள் மடங்கி நிமிர்வதைப் பார்த்தாள். அத்தனையும் தன்னுடைய அசைவுகள்.

"என் கையைக் கொடு. உன் கையை என் கை மேல வை. இப்ப வாங்கினாத்தான் உண்டு, கொடி அறுத்ததும் போயிடுமாமே."

"இது தீவோட கை," என்றாள் பூங்கோதை, கண்ணைத் திறக்காமலே. "ஊரறியக் கொடுத்தீங்க. திருப்பிக் கொடுத்தா மறுபடியும் கப்பலேறிடுவீங்க. அடுத்த பிரசவத்துக்கு யாரு?"

"என் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பார்க்க முடியலைடி எனக்கு."

செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "யார் கையா இருந்தா எனக்கென்ன? வேலை தெரிஞ்ச கைதான் வேணும். என் பிள்ளை வெளியே வர்ற வரைக்கும் என்னை விட்டு எடுக்கக் கூடாது."

குழந்தையின் ஒரு பாதம் வெளியே தெரிந்தது.

இப்போது சொல்லுங்கள். மூன்று பேர் ஒரே ஜோடிக் கைகளைக் கேட்கிறார்கள். இதில் யார் கேட்டது நியாயம்? கைகள் யாரிடம் போக வேண்டும்?

விடை:

பிலோமினாவிடம், அந்த நிமிஷமே. நாட்டுக்கு எவ்வளவு தேவை இருந்தாலும் ஒருத்தியின் உடம்பைப் பிடித்து வைத்துக்கொள்ள அதற்கு உரிமை கிடையாது. அவள் பொய்யாக ஒப்படைத்தாள், உண்மை. அதற்குத் தண்டனை அனுபவித்தாயிற்று. செண்பகத்துக்கும் நஷ்டமில்லை. அவள் கேட்டது வேலை தெரிந்த கை. அது பிலோமினாவிடம் வந்தால் கட்டிலை விட்டு எங்கே போகப்போகிறது? பாதி பிறந்த பிள்ளையை விட்டுவிட்டுக் கப்பலுக்கு ஓடுகிறவள் இல்லை அவள். பூங்கோதைக்குத்தான் ஒன்றும் சேராது. அடுத்த பிரசவத்துக்கு யார் என்று கேட்டாளே, அது சரியான கேள்வி. கேட்கத் தகுதியில்லாதவள் கேட்டாள். கைகளைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு, "அடுத்த கப்பல் வரைக்கும் இருந்து எனக்குக் கற்றுக்கொடுங்கள் அக்கா" என்று அவள் கெஞ்சியிருக்க வேண்டும்.

கெஞ்சியிருப்பாள் போலிருக்கிறது. அந்தத் தீவுக்குப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்: பூங்கோதை இப்போதெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டுதான் பிரசவம் பார்க்கிறாளாம். அறைக்குள் நுழையும் முன் தன் இரண்டு கைகளையும் அடுப்பனலில் காட்டிச் சூடாக்கிக்கொள்கிறாளாம். சில்லென்று ஏதாவது பட்டால், பழைய ஐஸ் கை வந்துவிட்டதென்று தாய்மார்கள் அலறுகிறார்களாம்.