உலகம்மை துணை

பூவரசங்குறிச்சிக் கைலாசநாதர் கோயிலில் ஆவுடைத்தங்கம் அம்மையார் செய்துவந்த திருப்பணி, கோமுகி கழுவுவது. சுவாமிக்கு அபிஷேகம் செய்த பாலும் எண்ணெயும் சந்தனமும் கருவறையின் வடபுறம் கோமுகி வழியாக வெளியே வந்து தொட்டியில் விழும். அதைத் தீர்த்தம் என்று தலையில் தெளித்துக்கொள்ள நூறு பேர் வருவார்கள். மறுநாள் அது புளித்து வழுக்கும்போது ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மையார் மட்டும் விடிந்ததும் தேங்காய் நாரும் சீயக்காய்த் தூளுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் சுவாமி தெரியாது, சுவர்தான் தெரியும். சுவாமியைப் பார்க்காமல் இது என்ன பக்தி என்று யாராவது சீண்டினால், அவர் என்னைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்.

இளம் வயதிலேயே கணவரை இழந்த அவருக்கு ஒரே மகன், சங்கரபாண்டி. அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். பாப்பா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து பதினோராவது மாதம், எல்லையில் பனிமலை மேல் காவல் நின்றவன் பெட்டியில் வந்து சேர்ந்தான். சுவாமிக்குச் சாக்கடை கழுவியதற்குச் சுவாமி செய்த கைம்மாறு இதுதானா என்று ஊரார் அவர் காதுபடவே பேசினார்கள். அம்மையார் பதின்மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். தான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவருக்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி எழுப்பி உட்கார வைத்தவள் பாப்பாதான். பதினான்காம் நாள் அம்மையார் எழுந்து கோமுகி கழுவப் போனார்.

இரண்டு வருடம் கழித்து, தாமே அலைந்து வரன் பார்த்து மருமகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். ஊருக்கு அதுவும் பொறுக்கவில்லை. மகனைத்தான் எமன் கொண்டுபோனான், மருமகளை இவளே தாரை வார்த்துவிட்டாளே என்று சிரித்தார்கள். அந்தப் பிள்ளை சிரித்தமுகமாக வாழ வேண்டும் என்பதைத் தவிர அம்மையாருக்கு வேறு கவலையே இல்லை.

இப்படியிருக்கையில், ஓய்வுபெற்ற சுபேதார் ஆறுமுகநயினாருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நல்ல மனிதர், பிடித்தால் பிடித்ததுதான், அது ஒன்றுதான் குறை. பட்டாளத்தில் உயிரைக் கொடுத்த சங்கரபாண்டி முதலிய எழுவருக்கும் ஊரில் தூண் இருக்கிறது, அவர்களைக் கொடுத்த வீடுகளுக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் வருந்தினார். கோயில் முன்பாக அந்தக் குடும்பங்களின் பெயரைப் பொறித்து ஒரு கல் நடுவதென்று முடிவாயிற்று. ஒவ்வொரு வீரனின் பெயருக்கும் கீழே இன்னார் தாயார், இன்னார் துணை என்று இரண்டு வரி. மனைவி என்பதைவிடத் துணை என்பது கௌரவமாக இருக்கிறது என்று அந்தச் சொல்லைத் தேர்ந்தவரும் அவர்தான்.

செய்தி கேட்டுப் பாப்பா புகுந்த ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள். அத்தை, அந்தக் கல்லில் என் பெயரும் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மையார் சற்றும் யோசிக்காமல், வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் சுபேதார் மறுத்துவிட்டார். "அவ இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளை, தங்கச்சி. நாளைக்கு அவ புருஷன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். போன இடத்தில் ஒரு பிள்ளையும் பெற்று நிறைவாக இருப்பவளைப் பழைய கணக்கில் எழுதுவது அவளுக்கே நல்லதல்ல என்றும் சொன்னார்.

"பதினோரு மாசம் எம்மவன் சிரிச்சிருந்தது அவளாலதான், அண்ணாச்சி. அவ இல்லாத கல்லுல அவன் குடும்பம் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மையார் திரும்பினார். அன்று அவருக்கு நெஞ்சு கனத்தது. கொடுத்த வாக்கு பொய்யானால், நீ எங்களுக்கு யாரோ என்று ஊரே அந்தப் பெண்ணிடம் சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று கலங்கினார். ஆனாலும் சுவாமியிடம் முறையிடவில்லை. உனக்குத் தெரியாததா என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொட்டியைத் தேய்த்தார்.

கல் வேலை முடியும் தறுவாயில் கல்தச்சர் மாசானம் கோயிலுக்கு வந்து உளியைக் கீழே வைத்துவிட்டார். ஏழு பேருக்கும் தாயார், துணை என்ற சொற்களை அவர் முதலிலேயே வெட்டிவிட்டிருந்தார். சங்கரபாண்டிக்குக் கீழே மட்டும், முன்னால் பெயரே இல்லாமல் துணை என்ற சொல் தனியே நின்றது.

"கல்லு மூளியா நிக்கி. இதக் கோயில் முன்னால நான் நட மாட்டேன், ஐயா" என்றார் மாசானம். வெட்டிய எழுத்தை அழித்தாலும் பள்ளம் விழுந்து மூளிதான் என்றார்.

சுபேதார் வெகுநேரம் மோவாயைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. கடிதமானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் இந்த ஊரார் தலைப்பில் 'உலகம்மை துணை' என்று அம்பாள் பெயரைத்தான் எழுதுவார்கள். அதையே அங்கே வெட்டிவிட்டால் எழுத்தும் நிறையும், தெய்வமும் காக்கும் என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. குருக்கள் அம்பாள் சந்நிதியில் கற்பூரம் காட்டி, அப்படியே ஆகட்டும் என்று பூக் கொடுத்தார்.

கோமுகியருகே நின்று இதைக் கேட்ட அம்மையார் திகைத்துப்போனார். ஏனென்றால், பாப்பாவைப் பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் உலகம்மை. அம்பாள் பெயரைச் சொல்லி ஏட்டி, வாட்டி என்று கூப்பிட மனம் வராமல், அம்மையார்தான் அவளைப் பாப்பா என்று அழைத்தார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

பேசாமல் இருந்திருந்தால் காரியம் கைகூடியிருக்கும். ஆனால் சுவாமி வாசலில் ஒருவரை ஏமாற்றிப் பெறும் வரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சுபேதார் முன்னால் போய் நின்றார்.

"வெட்டுததுக்கு முன்னால சொல்லிருதேன், அண்ணாச்சி. பாப்பாவோட பேரும் உலகம்மைதான். வேண்டாம்னா வேற சாமி பேரு போட்டுக்கிடுங்க."

சுபேதார் நம்பவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த காகிதக் கட்டைப் பிரித்தார். மாதக்கணக்காக அவர் கையிலேயே இருந்த கட்டு அது. சேர்க்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டதால் அந்த வரியை அவர் படிக்கவே இல்லை. மனைவி, உலகம்மை என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் அம்பாள் சந்நிதிக்குப் போய்க் கைகூப்பி நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"வெட்டும் வே, மாசானம்" என்றார். "நான் வேண்டாம்னு தள்ளுன பிள்ளைக்கு அம்மை தன் பேரையே குடுத்துட்டா. இனி மாத்த நான் யாரு?"

ஆவணியில் கல்லைத் திறந்தார்கள். பாப்பா கணவனோடும் இடுப்பில் பிள்ளையோடும் வந்திருந்தாள். அந்தக் கணவன்தான் முதலில் மாலையைக் கல்லுக்குச் சாத்தினான். பாப்பா எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"அத்தை, இது சாமி பேரா, எம்பேரா?"

"உம்பேருதான், தாயி. சாமி எழுதிக் குடுத்தது" என்றார் அம்மையார். பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட, எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார், அழுதபடியே சிரித்தார்.

தம் மகனைக் கொடுத்த பிறகும் பிறர் பெற்ற மகளுக்காக உருகியவர், வரம் கைக்கு வந்தபோதும் உண்மையை மறைக்காதவர் ஆவுடைத்தங்கம் அம்மையார். அவர் அன்பு வாழ்க. அதைக் கேட்ட நமக்கும் அதில் ஒரு துளி வாய்க்க.